இடவல மாற்றம்

காலை ஆறரைக்கு முதல் வேலை
பெரிய கூடத்துக் கண்ணாடி.
பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்ததாம்.
ஓரமெல்லாம் ரசம் போய்க்
கருந்தேமல் படர்ந்திருக்கிறது.
பழைய பேப்பரைக் கசக்கித் துடைத்துக்கொண்டே
படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பேன்.
உள்ளே இருப்பவளும் உதட்டை அசைப்பாள்.
சத்தம் மட்டும் வராது.

கானாடுகாத்தானில் இந்த ஓட்டலுக்குக்
கூட்டித் துடைக்க வந்து ஒன்பது வருசம்.
பத்து பாஸென்றால் ரிசப்ஷனில் பேரெழுதலாம்,
நாலாயிரம் கூடுதல் என்று
வயிரவன் சார் சொன்னதிலிருந்து
முப்பத்தாறு வயதுத் தலையணைக்கடியில்
அறிவியல் புத்தகம்.

மற்றதெல்லாம் தாண்டிவிட்டேன், கணக்குகூட.
இது மட்டும் மூன்று மார்க்கில் போனது.

இதயத்தின் படம் வரைந்து பாகம் குறி.
தாளின் இடப்பக்கம் இடது வெண்ட்ரிக்கிள்,
வலப்பக்கம் வலது.
கண்ணாடி முன் நெஞ்சில் கைவைத்துப்
பார்த்துப் பார்த்துப் படித்ததல்லவா?
என் கை இருக்கும் பக்கம்தானே
அவள் கையும் இருந்தது.
இடவலம் மாறும் என்கிறார்கள்.
எனக்கொன்றும் மாறியதாகத் தெரியவில்லை.
புத்தகத்துப் படத்தில் மாற்றிப் போட்டிருந்ததை
அச்சுப்பிழை என்று
பென்சிலால் திருத்தியும் வைத்திருந்தேன்.

பகலில் பித்தளை.
அடைக்கியும் நானும்,
நடுவில் ஒரு சட்டி புளி, கல்லுப்பு.
கறுத்துப்போன ஆக்சைடு
அமிலத்தில் கரையுது பாரு என்பேன்.
"அழுக்குக்கும் பேர் வச்சிட்டாகளா?" என்பாள்.
கழுவிய தண்ணீர் லேசான பச்சையில் ஓடும்.
விரலிடுக்கு ராத்திரிவரை எரியும்.
அதற்குச் சமன்பாடு தேடினேன்,
பாடத்தில் இல்லை.

மறுதேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில்
வெள்ளிச் சந்தனக் கிண்ணம் ஒன்று காணோம்.
கடைசியாக யார் கை? அடைக்கி கை.
கூடத்தில் வயிரவன் சார்,
கணக்கெழுதுகிற பையன்,
கந்தல் துணியோடு நான், அவளுக்கு நேர் எதிரே.
"என் நெஞ்சறிய நான் எடுக்கல சார்"
என்று ஓங்கி அடித்துக்கொண்டாள்
தன் இடப்பக்கத்தில்.
எனக்கு அது வலப்பக்கம்.

படம் கண்ணாடி இல்லை.
படம் எதிரில் நிற்கிற ஆள்.

அவள் முந்தானைக்குப் பின்னால்
தடித்த சுவருள்ள அந்த அறை,
உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுவது,
எங்கே இருக்கிறதென்று துல்லியமாகத் தெரிந்தது.
பெருந்தமனி எந்த இடத்தில் வளைகிறதென்றும்.

"பக்கத்துல இருந்தது நீதானே, சொல்லு பூரணம்."
கேட்டது சாரா, அவளா?
அந்த விநாடி நான்
பாகம் குறித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு விநாடி இல்லை. கொஞ்சம் கூடவே.
பிறகு சொன்னேன்,
அவ அப்படிப்பட்டவ இல்ல சார் என்று,
மின்னல் போய் வெகுநேரம் கழித்து
யார் வீட்டுக் கூரையிலோ உருளுகிற இடிபோல.
அதற்குள் அவள் பையைக்
கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள்.
சீப்பு, மாத்திரை அட்டை,
பாதி தின்ற சீப்புச்சீடை.

பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடம், ஆறாவது பெஞ்சு.
காலையில் எதுவும் சாப்பிடவில்லை,
இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம்
தன் பாடத்தைத் தானே ஒப்பித்தது.
இதயம் வந்தது.
அடைக்கியை எதிரே நிறுத்தி வரைந்தேன்.
கை நடுங்கியதில்
இடது ஏட்ரியம் மட்டும் கொஞ்சம் கோணல்.

கிண்ணம் ஐந்தாம் நாள் கிடைத்தது.
கல்யாண வீட்டார் விட்டுப்போன பூக்கூடைக்கடியில்
சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த அன்று
பென்சில் திருத்தத்தை ரப்பரால் அழித்தேன்.
அழுத்திவிட்டேன் போல,
தாள் அந்த இடத்தில் பிய்ந்தது.

புளியை ஊறவைத்துக்கொண்டு
"பாஸாமே" என்றாள்,
என்னைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்து.
ஆமா.
"எத்தன?"
நாப்பத்தொம்பது.
"அம்பதுக்கு ஒண்ணு கொற" என்றாள்.
கரைக்க ஆரம்பித்தாள்.